ஒரு வாய் வெற்றிலையும் ஓர் எழுத்தும்

 

நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடை எழுதுவதை இம்மாதம் ஒத்திவைத்துவிட்டு, நீண்ட நாட்களாக என் மனதை அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை எழுதுகிறேன். இது ஒரு நோயைப் பற்றிய கட்டுரை. என் தவறு ஒன்றை நானே ஒப்புக்கொள்ளும் கட்டுரையும் கூட. சம்பந்தப்பட்ட இளைஞரே எழுதச் சொன்னதால்தான் எழுதத் துணிந்தேன். அவருடைய பெயரும் ஊரும் இங்கு வேண்டாம்.

2009ஆம் ஆண்டு அவர் எங்கள் மத்ரஸாவில் ஹிப்ளு வகுப்பில் சேர்ந்தபோது வயது 13. இனிமையான குரல். எழுத்துக்களை அவை பிறக்கும் இடமறிந்து உச்சரிப்பதில் வகுப்பில் அவருக்கு நிகரில்லை. குறிப்பாக ‘ளாத்’ என்ற எழுத்து. நாவின் ஓரம் மேல் கடைவாய்ப்பற்களை அணைந்து எழ வேண்டிய கடினமான எழுத்து அது. மற்றப் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்க நான் இவரையே ஓதிக்காட்டச் சொல்வேன்.

2023 ரமழானில் அவர் பக்கத்து மஹல்லாவில் தராவீஹ் தொழுவித்தார். ஓர் இரவு நானும் போய்ப் பின்னால் நின்றேன். சூரத்துல் பாத்திஹாவின் இறுதியில் அந்த ‘ளாத்’ வழுக்கியது. ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு ரக்அத்திலும். தொழுகை முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்துக் கடிந்துகொண்டேன். “ஓதலில் இவ்வளவு அலட்சியமா? நாலு பேர் பின்னால் நிற்கிறார்கள் என்ற பயம் வேண்டாமா?” என்றேன். அவர் தலையைக் குனிந்து நின்றார். ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை.

அலட்சியம் என்று நான் நினைத்தது ஒரு புண். நாவின் ஓரத்தில், அந்த எழுத்து பிறக்கும் அதே இடத்தில், பின்பக்கமாக மறைந்திருந்தது. என் காதுக்கு அது எட்டியது. அறிவுக்கு எட்டவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று வாரங்கள் இருக்கும். அவருடைய உம்மா என் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் நெடுநேரம் பேசிவிட்டு, பிறகு என்னைக் கூப்பிடச் சொன்னார்.

“மௌலவி, இவன்ட வாய்க்குள்ள ஒரு புண் கிடக்கு. றஜப் மாசத்திலிருந்து ஆறுதில்ல. சூட்டுப் புண் எண்டு இருந்தம். தேன் பூசினம், விட்டமின் குளிசை குடுத்தம். நாங்க ஆருக்கும் சொல்லல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு நிகாஹ் பேசியிருக்கு. பொண்ணு ஊட்டாருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?”

நான்கு மாதங்கள்! வைத்தியம் செய்ய வசதியில்லாமல் அல்ல. ஊர் வாய்க்குப் பயந்து மறைத்திருக்கிறார்கள். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் எத்தனையோ நோய்கள் கல்யாணப் பேச்சுக்காகப் பெட்டியில் பூட்டி வைக்கப்படுகின்றன. ஆனால் இந்த நோய் பூட்டிய பெட்டிக்குள் சும்மா இருப்பதில்லை.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் வைத்தியரிடம் போனேன். வைத்தியர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தார். “இன்னும் கொஞ்சம் திறவும்” என்றார். அதற்கு மேல் முடியவில்லை. வைத்தியர் தன் விரல்களைக் காட்டி, “ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில் வைத்துப் பாரும்” என்றார். அவருக்கு இரண்டு விரலே நுழைந்தது. பிறகு வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, என்ன சப்புற பழக்கம்?”

“புகையிலை தொட மாட்டேன், டொக்டர். பாக்கு மட்டும்தான்.”

அந்த நேரத்தில் என் கடைவாயில் ஒரு துண்டு பாக்கு ஊறிக்கொண்டிருந்தது. அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நான் அமர்ந்திருந்தேன்.

சகோதரிகளே! நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் நானும் நினைத்திருந்தேன். ‘புகையிலைதான் கெடுதி. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு நம் மூதாதையர் போட்டது. அதிலே ஒன்றுமில்லை’ என்ற எண்ணம் அது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்குகிறது என்று 1985ஆம் ஆண்டிலேயே முடிவு செய்தது. 2003ஆம் ஆண்டு மீண்டும் ஆராய்ந்து, புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கலவையும், பாக்கு தனியாகவும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று அறிவித்தது. சிகரெட் எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறதோ, அதே முதல் வரிசையில்தான் நம் வட்டாவிலுள்ள பாக்கும் இருக்கிறது.

பாக்கு எப்படிக் கெடுதி செய்கிறது? அதிலுள்ள அரக்கோலின் முதலிய இரசாயனங்கள், சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்து, வாயின் உட்தோலில் ஊறுகின்றன. அந்த மிருதுவான தோலுக்கு அடியில் நார் போன்ற திசு அளவுக்கு மீறி வளர்கிறது. முதலில் மிளகாய்க் கறி பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடித்து, கயிறு கட்டியது போல் இறுகும். நாளடைவில் வாய் திறப்பது குறையும். இந்நிலை வந்தவர் பாக்கை விட்டாலும், இறுகிய தோல் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. இவர்களில் ஒரு பகுதியினருக்கு அது புற்றுநோயாக மாறுகிறது. ஆனால் விட்டவருக்கு அந்த ஆபத்து குறைகிறது. எனவே ‘இனி விட்டென்ன, விடாமலென்ன’ என்று சொல்வது தவறு.

நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய், உதடு, தொண்டை ஆகியவற்றில் வருவதற்கே. ஒரு காலத்தில் இது வயோதிபரின் நோயாகவே பேசப்பட்டது. நாற்பது வருடம் வெற்றிலை போட்ட மூத்தவாப்பாவுக்கு வந்தது. இன்று பத்து, பன்னிரண்டு வயதில் இனிப்புப் பாக்குப் பொட்டலத்தோடு பழக்கம் தொடங்குகிறது. பிறகு பீடா, பாபுல், மாவா என்று படியேறுகிறது. பன்னிரண்டில் தொடங்குபவனுக்கு முப்பது வயதாகும்போது, அந்தத் தோல் பதினெட்டு வருடம் ஊறிவிட்டது. அவன் இளைஞன்தான், அவன் வாய் இளமையாக இல்லை.

புகையில்லாப் புகையிலை உற்பத்திகளை இந்நாட்டில் தயாரிக்கவும், இறக்குமதி செய்யவும், விற்கவும் 2016 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் தடை விதிக்கப்பட்டது. 21 வயதுக்குட்பட்டோருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக்கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் சட்டம். இருந்தும் பொட்டலங்கள் மறைவாகக் கைமாறுவதை நாம் அறிவோம். வெறும் பாக்கோ புகையிலைச் சட்டத்துக்குள் வருவதில்லை. அதற்குக் காவல் வீடுதான்.

இனி என் தவறைச் சொல்கிறேன்.

என் உஸ்தாதிடமிருந்து நான் வெற்றிலை பழகினேன். மத்ரஸாவில் என் மேசையில் எப்போதும் ஒரு சிறிய டப்பா இருக்கும். பாக்கு முடிந்தால் சந்திக் கடைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவேன். பெரும்பாலும் இவரைத்தான். நம்பிக்கையான பிள்ளை அல்லவா! மிச்சச் சில்லறைக்கு ஏதாவது வாங்கிக்கொள் என்பேன். அவர் என்ன வாங்கினார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் அவரிடம் கேட்டேன், “மகன், உமக்கு இது எப்போது பழகியது?” அவரால் அப்போது பேச முடியாது. கொப்பியில் எழுதிக் காட்டினார்: ‘நீங்க ஓதித் தரும்போது உங்கட வாயிலிருந்து ஒரு வாசம் வரும் ஹஸ்ரத். அது எனக்கு ஓதலின் வாசம் மாதிரி இருந்தது.’

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை, அன்போடுதான் எழுதினார். எனக்குத்தான் அதை இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை. நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற இறைகட்டளையை எத்தனை குத்பாக்களில் நான் விளக்கியிருக்கிறேன்! என் டப்பாவைப் பற்றி அந்தக் குத்பாக்களில் ஒரு சொல்லும் இருந்ததில்லை. அன்று முதல் நான் பாக்கைத் தொடவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எளிதாக இருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் தலைவலியும் எரிச்சலும் இருந்தன. ஏலக்காய் இரண்டு வாயில் போட்டுக்கொண்டும் அடிக்கடி மிஸ்வாக் செய்தும் சமாளித்தேன். நோன்பு மாதம் இதற்கு நல்ல வாய்ப்பு. பகல் முழுவதும் விட்டிருக்க முடிந்தவருக்கு இரவில் மட்டும் ஏன் முடியாது?

அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல் வைத்தியர் தாமதிக்காமல் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே புண்ணின் ஓரத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். ‘கத்தி பட்டால் நோய் பரவும்’ என்று ஊரில் சிலர் பயமுறுத்தினார்கள். அது பொய். அந்தப் பரிசோதனை இல்லாமல் நோய் இன்னதென்று உறுதி செய்ய முடியாது. முடிவு புற்றுநோய் என்று வந்தது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். நாவின் ஒரு பகுதியை அகற்றி, முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்து அந்த இடத்தை நிரப்பினார்கள். கழுத்திலிருந்த நெறிகளையும் எடுத்தார்கள். அதன் பின் ஆறு வாரங்கள் மஹரகம ஆஸ்பத்திரியில் கதிர்ச் சிகிச்சை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இவ்வளவுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் வாய் முழுதும் புண்ணாகி, உமிழ்நீர் வற்றி, கஞ்சித் தண்ணீரைக்கூட விழுங்க முடியாமல் அவர் பட்ட வேதனைக்கு விலை சொல்ல முடியாது. நான்கு மாதம் முன்னால் போயிருந்தால் வெட்டு சிறிதாக இருந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார். கதிர்ச் சிகிச்சை தேவைப்படாமலும் போயிருக்கலாம். ஆரம்பத்திலேயே பிடிபட்டால் இந்நோயாளிகளில் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். தாமதிக்கத் தாமதிக்க அந்த எண்ணிக்கை சரிந்துகொண்டே போகிறது.

எனவே இந்த அடையாளங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண். அது வலிக்காமலும் இருக்கலாம். வலி இல்லை என்பதால் பயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கன்னத்தின் உட்புறத்திலோ நாவிலோ முரசிலோ துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை அல்லது சிவப்புப் படை. காரம் பட்டால் எரிச்சல். மூன்று விரல் நுழையாதபடி வாய் இறுகுதல். காரணமின்றிப் பல் ஆடுதல். நாவை அசைக்கக் கஷ்டம், பேச்சில் மாற்றம்.

தொண்டையைப் பொறுத்தவரை, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்கும்போது தடை, ஒரு பக்கக் காதில் மட்டும் விடாத வலி, ஒரு பக்க டொன்சில் மட்டும் வீங்கியிருத்தல், கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகியவற்றைக் கவனியுங்கள். இவை இருந்தால் புற்றுநோய்தான் என்று அர்த்தமல்ல. பெரும்பாலானவை வேறு சிறு நோய்களாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். நானோ பக்கத்து வீட்டு ராத்தாவோ அல்ல.

இன்னொன்றையும் நீதியோடு சொல்ல வேண்டும். புகைக்காத, குடிக்காத, பாக்கே போடாத இளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும்கூடச் சில வேளை நாவில் இந்நோய் வருகிறது. மேற்கு நாடுகளில் டொன்சிலிலும் அடிநாவிலும் வரும் புற்றுநோய் அண்மைத் தசாப்தங்களில் அதிகரித்ததற்கு எச்.பி.வி. என்ற வைரஸ் முக்கிய காரணம் என்று கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒருவருக்கு இந்நோய் என்று கேட்டதும் ‘என்ன கெட்ட பழக்கமோ’ என்று வாய் திறக்காதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நோயாளி ஒளிந்துகொள்கிறார். இலங்கையில் 2017 முதல் பாடசாலைகளில் 6ஆம் தர மாணவிகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. முக்கியமாகக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்கான ஊசி அது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று தயங்கும் தாய்மார், வதந்தியைக் கேட்காமல் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேளுங்கள். வைரஸ் உடலுக்குள் வருமுன் போட்டால்தான் தடுப்பு பலன் தரும்.

‘வாய்க்குள் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க நாங்கள் டொக்டர்களா?’ என்று கேட்பீர்கள். 1980களின் தொடக்கத்தில் நம் நாட்டிலேயே பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவருடன் இருந்தவர்களும் ஒரு முயற்சி செய்தார்கள். வீடு வீடாகச் செல்லும் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, மக்களின் வாயைப் பார்க்கச் செய்தார்கள். ஒரே வருடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயை அவர்கள் பார்த்தார்கள். புற்றுநோயையும், புற்றுநோயாக மாறக்கூடிய படைகளையும் கண்டு வைத்தியர்களிடம் அனுப்பினார்கள். 1984இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது. வெளிச்சமும் கண்ணும் இருந்தால் சந்தேகப்படலாம். தீர்மானிப்பதை வைத்தியரிடம் விட்டுவிடலாம். தலையில் பேன் பார்க்கும் தாய்க்கு வாயில் புண் பார்ப்பது முடியாத காரியமா?

மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ளவர்களை வாய் கொப்பளித்துவிட்டு வெளிச்சத்தில் அமரச் சொல்லுங்கள். டோர்ச் அடித்து உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், முரசு, மேலண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். நாவைத் தூக்கச் சொல்லி அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். பின் சுத்தமான துணியால் நுனியைப் பிடித்து, நாவின் இரு ஓரங்களையும் பின்பக்கம் வரை பாருங்கள். அந்த ஓரம்தான் எளிதில் தப்பிவிடும் இடம். கடைசியாக மூன்று விரல். எல்லாமே ஐந்து நிமிட வேலை. சந்தேகம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் போங்கள்.

கல்யாண வீடுகளில் வெற்றிலை வட்டா வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். வைக்காததால் எந்த நிகாஹும் கூடாமல் போவதில்லை. பேரீச்சம்பழமும் ஏலக்காயும் வையுங்கள். பிள்ளையைப் பாக்கு வாங்கக் கடைக்கு அனுப்பாதீர்கள். மூத்தம்மாவின் உரலில் பாக்கு இடிக்கும் வேலையைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சுவை பார்க்காமல் இடிக்கும் பிள்ளை உலகத்தில் இல்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கதிர்ச் சிகிச்சைக் காலத்தில் வாயை அடிக்கடி நனைக்க வேண்டும். நோன்பை விட மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. குற்ற உணர்வு வேண்டாம். எழுத்து சரியாக வராதவர் இயன்றபடி ஓதித் தொழலாம்.

அந்த நிகாஹ் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நானே போய்ப் பெண்ணின் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “முதலே சொல்லியிருந்தா முதலே கூட்டிப் போயிருக்கலாமே, மௌலவி. எனக்குக் கொழும்பில ஊடு இருக்கே” என்றார். நான்கு மாதம் ஒளித்து வைத்த அச்சத்துக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். 2024ஆம் ஆண்டு நிகாஹ் நடந்தது.

அவர் இப்போது மறுபடியும் மத்ரஸாவில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார். தொழுவிப்பதில்லை. ‘ளாத்’ வரும் பாடத்தன்று அதைப் பலகையில் எழுதிவிட்டு என்னைக் கூப்பிடுவார். நான் ஓதிக்காட்டுவேன். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார். எழுத்தைத் திருத்துவதற்கு மட்டுமல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

சகோதரிகளே, இன்றிரவு இஷாவுக்குப் பிறகு உங்கள் பிள்ளையின் வாயை ஒரு தடவை பாருங்கள். ஆறாத புண் இருந்தால் நாளைக் காலையே புறப்படுங்கள். வல்ல நாயன் நம் பிள்ளைகளின் நாவையும் நலத்தையும் பாதுகாப்பானாக! ஆமீன்.